சுவர்க் கணக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகும் ரோட்டில், காலை வேளையில் பஸ்ஸில் போனால் ஓரிடத்தில் பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டு ஓதும் சத்தம் கேட்கும். ஏதோ கோவில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது எங்கள் ஃபார்முலா பிரேயர்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் அத்தனை பிள்ளைகளும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நிற்பார்கள். சுவர் முழுக்க மஞ்சள் பெயின்ட், அதன்மேல் நீலத்தில் சூத்திரங்கள். விளையாட்டு ஆசிரியர் ரஞ்சித்குமார் ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம். தூரம் என்றால் வேகம் பெருக்கல் நேரம். நேரம் என்றால் தூரம் வகுத்தல் வேகம். ஒரே சூத்திரம்தான், மூன்று தடவை எழுதியிருக்கும். எந்த எழுத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டாலும் பிள்ளை யோசிக்காமல் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் மூளை எங்கள் தாளாளர் மாதவராஜ். சேர்ந்த அன்றைக்கே என்னை நிற்கவைத்து விளக்கினார்.

"பரிச்சையில போயி ஒக்காந்து இந்த எழுத்த அந்தப் பக்கம் தள்ளி, அந்த எழுத்த இந்தப் பக்கம் இழுத்து... எதுக்குங்க மேடம் அந்த ரோதனை? டைம் வேஸ்ட்டு. மாத்தி முடிச்சத நாமளே செவுத்துல எழுதிட்டா புள்ளைங்க அப்பிடியே எறக்கிடும். எங்கிட்ட லாரி ஓடுது. டிரைவருக்கு இஞ்சினப் பத்தி என்னாத்துக்குத் தெரியணும்? தொப்பூர் எறக்கத்துல எங்க கியர மாத்தணும்னு தெரிஞ்சாப் போதும்."

தொப்பூர் எறக்கத்தில் அடிக்கடி கவிழ்ந்து கிடப்பது யாருடைய லாரிகள் என்று நான் கேட்கவில்லை. வேலை புதிது. என் பெயர் கோகிலவாணி, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு. வாயைக் கொடுத்து வம்பை வாங்குவதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதால், முதல் மாதமாவது வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். சத்தியம் முதல் வாரத்திலேயே காலாவதியாகிவிட்டது.

காரணம் சுவரின் வடக்குக் கோடி. அங்கே வெப்பநிலைச் சூத்திரம் இருந்தது. F = 9C/5 + 32. செல்சியஸைக் கொடுத்தால் ஃபாரன்ஹீட் வரும். இதுவரை சரி. அதற்குக் கீழே, C-ஐத் தனியாக்கி எழுதியிருந்தார்கள்: C = 5F/9 − 32.

தப்பு. சுத்தத் தப்பு. முதலில் 32-ஐக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதை மொத்தமாக ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்கவேண்டும். எழுதிய புண்ணியவான் F-ஐ மட்டும் பெருக்கி வகுத்துவிட்டு, 32-ஐத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டார். பந்தியில் எல்லா இலைக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசி இலையை மறந்துபோவதைப் போல. பனிக்கட்டி உருகுவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில். செல்சியஸில் அது பூஜ்ஜியம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் சுவரைக் கேட்டால் மைனஸ் பதினாலு என்கிறது.

எழுதியவர் கணக்குத் துறைத் தலைவர் முனிராஜ் சார். நல்ல மனிதர். எதிர்த்துப் பேசாத வரைக்கும் எல்லோருக்கும் நல்ல மனிதர். ஒரு பேப்பரில் கணக்கைப் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"மேடம், செவுரு தெறந்து நாலு வருசம் ஆச்சு. நாலு பேட்ச்சு நூத்துக்கு நூறு ரிசல்ட்டு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயே?"

"பொதுத்தேர்வுல இந்தக் கேள்வி வரல சார், அதனால சொல்லல."

"வராததப் பத்தி நீங்க ஏன் கவலப்படறீங்க?"

நான் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் நடத்த ஆரம்பித்தேன். சமன்பாடு என்றால் என்ன, இரண்டு பக்கமும் ஒரே வேலையை ஏன் செய்யவேண்டும், ஒரு எழுத்தைத் தனியாக நிறுத்த மற்றவற்றை ஒவ்வொன்றாக எப்படி விலக்கவேண்டும், விடை வந்ததும் ஒரு எண்ணைப் போட்டுச் சரிதானா என்று எப்படிப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். "மிஸ், இதெல்லாம் செவுத்துல இருக்குதுங்க மிஸ்" என்றான் ஒருவன், எனக்கு ஏதோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

கேட்டது ஒரே ஒருத்தி. வெண்மதி.

அவளைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் ஒரே பேச்சுதான்: ஸ்லோ. எந்தப் பரீட்சையிலும் கடைசிப் பக்கத்தை முடிக்கமாட்டாள். ஏனென்றால் எதையும் அப்படியே இறக்கமாட்டாள், ஒவ்வொன்றையும் முதலிலிருந்து செய்து பார்ப்பாள். முக்கோணத்தின் பரப்பளவு கேட்டால் செவ்வகம் வரைந்து அதைக் குறுக்கே வெட்டி, பிறகுதான் பாதி என்று எழுதுவாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இதற்குப் பெயர் மந்தம். நான் நடத்த நடத்த அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நோட்டில் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கதவோரம் வந்து நின்றாள்.

"மிஸ், செவுத்துல இருக்கறது தப்புங்களா?"

"தப்புதான்."

"அப்ப பிரேயர்ல நான் அத மட்டும் வாய மூடிக்கலாங்களா?"

எனக்கு அந்தப் பிள்ளையை அங்கேயே கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. மூடிக்கோ என்று சொன்னேன்.

ஆண்டுத் தேர்வு வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு என்றால் எங்கள் பகுதித் தனியார் பள்ளிகளில் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வரவேண்டும் என்றால் நல்லா நடத்தவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்பாவி நீங்கள். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் போதும். அதற்கு ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு இங்க கஷ்டமா இருக்குதுங்க" என்று மிகவும் அன்பாகச் சொல்வார்கள்.

கணக்குத் தாளில் அந்த வெப்பநிலைக் கேள்வி வந்துவிட்டது. சூத்திரத்தைக் கொடுத்து C-ஐத் தனியாக்கி எழுதச் சொல்லி, F ஐம்பது என்றால் C என்ன என்று ஐந்து மார்க்குக் கேள்வி. வெண்மதி இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்து, பத்து என்று விடை எழுதி, அதைத் திருப்பிப் போட்டு ஐம்பது வருகிறதா என்றும் பார்த்திருந்தாள். மற்ற அத்தனை பேரும் சுவரை எழுதி, மைனஸ் நாலு புள்ளி இரண்டு என்று முடித்திருந்தார்கள். தாள் திருத்தியவர் முனிராஜ் சார். அத்தனை பேருக்கும் ஐந்துக்கு ஐந்து. வெண்மதிக்குப் பூஜ்ஜியம். அந்த ஐந்து மார்க்கில் அவள் கோட்டுக்குக் கீழே போய்விட்டாள்.

நான் சொல்லிக்கொடுத்ததைக் கேட்ட பாவத்துக்கு!

அடுத்த நாளே அவள் அம்மா பாஞ்சாலி வந்துவிட்டார். தக்காளித் தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கவேண்டும், கையெல்லாம் பச்சைக் கறை. என்னை வராண்டாவில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், டிசி மட்டும் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. வேற ஸ்கூலு இல்லாமயில்ல, மொரப்பூருல கவருமெண்டு ஸ்கூலு இருக்குது. ஆனா வூட்டுக்காரரு இதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கறாருங்க. அவரு அக்கா பையன் ஓசூருல கம்பெனியில இருக்கறான். ஸ்கூல்ல இருந்தே மூள இல்லன்னு அனுப்பிட்டாங்க, இதுக்கு மேல இவளுக்கு என்னா படிப்பு, நிச்சயம் பண்ணிரலாங்கறாரு."

"பதினாலு வயசுங்க அந்தப் புள்ளைக்கு!"

"எனக்குத் தெரியாதுங்களா? நான்தான பெத்தேன்."

நான் நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். போனேன் என்ன, கதவை இடித்துக்கொண்டு நுழைந்தேன். சுவரில் தப்பு இருக்கிறது, அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி, ஐந்து மார்க்கையும் போட்டாகவேண்டும் என்றேன். மாதவராஜ் பொறுமையாகக் கேட்டார். மனிதரிடம் ஒரு நல்ல குணம், யாரையும் எடுத்தவுடனே திட்டமாட்டார்.

"மேடம், கல்வெட்டு வெச்சுத் தெறந்த செவுருங்க அது. அட்மிஷனுக்கு வர்ற பேரண்ட்ஸ நேரா செவுத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு ஒண்ணு தப்புன்னு வெச்சுக்குங்க, நாளைக்கி மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க. அந்தப் புள்ளைக்கி மார்க் போட்டா மத்த புள்ளைங்களுக்கெல்லாம் கொறைக்கணும். கொறைச்சா பாதி கிளாசு கோட்டுக்குக் கீழ போயிரும். பாதி கிளாசுக்கு டிசி குடுக்கச் சொல்றீங்களா?"

"தப்பு தப்புதான சார்?"

"அத நீங்களோ நானோ முடிவு பண்ணக்கூடாது. ஜனநாயக முறைப்படி ஸ்டாஃப் மீட்டிங் போட்டுரலாம்."

போட்டார். டீயும் மிக்சரும் வந்தன. C என்பது என்ன என்று ஓட்டெடுப்பு நடந்தது.

சிரிக்காதீர்கள், நான் சிரிக்கவில்லை. பனிக்கட்டியைச் சொன்னேன், பலகையில் போட்டுக் காட்டினேன், எண்ணைப் போட்டுச் சரிபார்த்தும் காண்பித்தேன். தமிழாசிரியர் அறிவழகன் ஐயா மிக்சரில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டே, "ரெண்டுலயும் முப்பத்திரண்டக் கழிக்கத்தானம்மா செய்யறாங்க. மொதல்ல கழிச்சா என்ன, கடைசீல கழிச்சா என்ன?" என்றார். மொத்தச் சபையும் நியாயம்தான் என்று தலையாட்டியது. நான் அறிவியல் ஆசிரியை நிர்மலாதேவியைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்கு வெப்பமானிப் பாடம் நடத்துவது அவர்தான், சரியான சூத்திரம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் சலுகையில் படிக்கிறார்கள். சுவர் சரி என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் அவர் கை மெதுவாகத்தான் மேலே போனது. ஆனால் போனது.

மறுபக்கம் என் கை மட்டும். ரஞ்சித்குமார் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "மேடம், டெபாசிட் போச்சு" என்றார். மூங்கில் குச்சி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

ஆனாலும் மாதவராஜ் இரக்கமுள்ளவர். பாஞ்சாலி வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்ததால், வெண்மதிக்கு ஒரு மறுவாய்ப்பு கொடுத்தார். அதே கேள்வி, தனித் தேர்வு. சுவரில் உள்ளபடி சூத்திரத்தை எழுதவேண்டும், அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டுத் தரவேண்டும். எழுதினால் பத்தாம் வகுப்பு, இல்லையென்றால் டிசி. அன்றாட வாழ்க்கை எடுத்துக்காட்டு என்பது தாளாளருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எங்கேயோ ஒரு பயிற்சி முகாமில் கேட்டுவிட்டு வந்தது.

தேர்வுக்கு முன்னால் வெண்மதியைத் தனியே கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டேனே தவிர என்ன சொல்வது என்று தெரியவில்லை. தப்பை எழுது என்று சொல்ல வாய் வரவில்லை. சரியை எழுது என்று சொன்னால் அந்தப் பிள்ளை ஓசூருக்குப் போகவேண்டியிருக்கும், நான் வழக்கம்போலச் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கேயே இருப்பேன். ஊரான் பிள்ளையை வைத்து நான் நேர்மைச் சூதாட்டம் ஆடுவதா? எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள் அவளே. "அம்மா சொல்லிடுச்சி. செவுத்துல இருக்கறத எழுதிட்டு வந்துரு, சாமியாட்டம் நெனச்சுக்கன்னு. எழுதறேன்."

"உனக்குச் சம்மதமா?"

"எழுதறேன் மிஸ். ஆனா முழுசா எழுதறேன். இந்தத் தடவ டைம் நெறைய இருக்குது."

எழுதினாள். முனிராஜ் சார் திருத்தினார். ஐந்துக்கு ஐந்து, ஓரத்தில் வெரி குட். மாதவராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மே மாதம், அட்மிஷன் நேரம். ஒரு மந்தமான பிள்ளையையே இப்படி மாற்றிவிட்டோம் என்று ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் ஏறியது. மேலே தாளாளர் கைகூப்பி நிற்கிறார். நடுவில் ரெட்டைச் சடையில் வெண்மதி. "மெல்லக் கற்போரும் முழு மதிப்பெண்! சாதனை மாணவியை வாழ்த்துகிறோம்!" கீழே ஆதாரமாக, அவளுடைய விடைத்தாளையே போட்டோ பிடித்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

நான் அந்தத் தாளைப் படித்தது அங்கேதான். பஸ்ஸுக்கு நிற்கும்போது, பொழுதுபோகாமல்.

முதல் வரியில் C = 5F/9 − 32. பக்கத்தில் சிவப்பு டிக். பிறகு அவளுடைய குண்டுக் குண்டு எழுத்தில்:

"எடுத்துக்காட்டு: நேற்று எனக்குக் காய்ச்சலா என்று ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தது. நன்றாக இருக்கிறாய், வீட்டுக்குப் போ என்றார்கள். நம் சுவரின் சூத்திரப்படி C = 22.8. உயிருள்ள மனிதரின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று அறிவியல் பாடத்தில் உள்ளது. இவ்வளவு குளிர்ந்துபோனவர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இந்த விடையை எழுதியவர் உயிருடன் இல்லை. சுவர் தவறு செய்யாது."

ஒவ்வொரு வரிக்கும் டிக். "உயிருடன் இல்லை" என்பதற்கு மட்டும் கொஞ்சம் பெரிய டிக். சூத்திரத்தைப் பார்த்த முனிராஜ் சார் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை, கையை மட்டும் ஓட்டியிருக்கிறார்.

அட சண்டாளி! பஸ் ஸ்டாண்டிலேயே நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பூ விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, டீக்கடைக்காரர், தர்மபுரி பஸ் டிரைவர், கண்டக்டர், அத்தனை பேரும் காலையும் மாலையும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் நடமாடுகிறார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் இருக்கவேண்டிய செய்தி வாழ்த்து பேனரில் தொங்குகிறது, ஒருவர்கூடப் படிக்கவில்லை. சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஒரு பிள்ளை நான் செத்துப்போய்விட்டேன் என்று பரீட்சையில் எழுதிக் கொடுக்கிறது. அதற்கு நாங்கள் வெரி குட் போட்டு அனுப்புகிறோம்.

அந்த வாரக் கடைசியில் பள்ளி அலுவலகத்தில் அவளைப் பார்த்தேன். பாஞ்சாலியும் இருந்தார். வராண்டா ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ஏன்டி இப்படி எழுதினே?" என்றேன்.

"யாராச்சும் படிப்பாங்கன்னு நெனச்சேன் மிஸ்" என்றாள். "படிச்சா ஒண்ணு செவுத்த மாத்துவாங்க, இல்லன்னா என்னயத் தொரத்துவாங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கும்னு இருந்தேன். மார்க்கு போட்டுட்டாங்க."

"இப்ப எதுக்கு வந்திருக்கே?"

"டிசி வாங்க."

நான் பாஞ்சாலியைப் பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ அப்பங்கிட்ட நாந்தான் பேசுனேன் டீச்சர். மனுசன் ஃப்ளெக்சுக்குக் கீழ நின்னு செல்ஃபி எடுத்து ஓசூருக்கே அனுப்பியிருக்கறாரு. எம் பொண்ணு படம் பஸ் ஸ்டாண்டுல வந்துடுச்சி, இனிமே அவ எங்க வேணா படிக்கட்டும், கல்யாணப் பேச்சு எடுக்கறவன் என்னாண்ட வரக்கூடாதுன்னுட்டாரு. இவ இங்க இருக்க மாட்டேங்கறா. நான் எழுதுனத ஒருத்தரும் படிக்காத எடத்துல நான் என்னாத்த எழுதறதுங்கறா. எனக்கு அது ஒண்ணும் புரியல. ஆனா இவ அழுதா எனக்குத் தாங்காது."

உள்ளே போனோம். மாதவராஜ் எதிரில் அட்மிஷனுக்கு வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால், லேமினேஷன் போட்ட அதே விடைத்தாள். டிசி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"டிசியா? என்னாம்மா வெளையாடறீங்களா? ஃப்ளெக்ஸ் வெச்சாச்சு, நோட்டீசு அடிச்சாச்சு. இப்பப் போயி டிசின்னா ஊரு என்னா பேசும்? தர முடியாது." பிறகு வந்தவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "இந்தப் புள்ளதாங்க அது. ஸ்லோவா இருந்துச்சு. இப்பப் பாருங்க."

கொஞ்ச நாள் முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே டிசியை வேண்டாம் வேண்டாம் என்பவர் கையில் திணிக்கப் பார்த்தவர். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வெண்மதி முந்திக்கொண்டாள்.

"சார், எம் பேப்பர அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க சார்."

மாதவராஜுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். எழுந்தார், லேமினேஷனைக் கழற்றினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், மேடைக் குரலில் ஆரம்பித்தார். காய்ச்சல் பார்த்தது, ஆஸ்பத்திரி, எல்லாம் வந்தது. "அன்றாட வாழ்க்கை எடுத்துக்காட்டுங்க, கவனிங்க" என்று நடுவில் ஒரு விளக்கம் வேறு. "இவ்வளவு குளிர்ந்துபோனவர் பிழைத்திருக்க முடியாது. ஆகவே இந்த விடையை எழுதியவர் உயிருடன்..."

நின்றுவிட்டார். உதடு மட்டும் மிச்சத்தை வாசித்தது. மறுபடி மேலேயிருந்து வாசித்தது. வந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தார். இருவரும், போன் வருகிறது என்று எழுந்து போனார்கள். போன் எதுவும் அடிக்கவில்லை.

"இது... வேற யாருக்குத் தெரியும்?" என்றார் மாதவராஜ், மெதுவாக.

"கடத்தூரு பஸ் ஸ்டாண்டே தெனமும் பாக்குதுங்க சார்" என்றாள் வெண்மதி. "படிச்சாங்களான்னு தெரியல."

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டு வர ரஞ்சித்குமார் பைக்கில் பறந்தார். டிசி அச்சாகி வந்தது. நடத்தை மிக நன்று. விலகக் காரணம், பெற்றோர் விருப்பம். எங்கள் பள்ளி கொடுத்த டிசிகளில் அந்தக் காரணம் உண்மையாக இருந்தது அநேகமாக இது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு நீட்டியவர், சட்டென்று பேப்பரை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, இத வெளிய எங்கியும் சொல்லிட்டு இருக்காத, என்னா?"

வெண்மதி பேப்பரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். எதையும் முதலிலிருந்து யோசிக்கிற பிள்ளை அல்லவா.

"நான் எப்பிடிங்க சார் சொல்வேன்? நாந்தான் உசுரோட இல்லீங்களே."

"சனியனே, பெரியவங்ககிட்ட என்னா பேச்சு இது!" என்று பாஞ்சாலி அவள் முதுகில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டு டிசியை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டும்வரை வெண்மதி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

அறையில் நானும் மாதவராஜும் மட்டும். அவர் ரொம்ப நேரம் அந்த விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் முகத்தில் நிஜமாகவே ஒரு கலக்கம் இருந்தது. எழுந்து ஜன்னலோரம் போய் வடக்குக் கோடியை எட்டிப் பார்த்தார். ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், அரை மணி நேர வேலை. பெயின்டர்கூட வேண்டாம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே அழித்துவிடுவேன்.

"மேடம்" என்றார்.

"சொல்லுங்க சார்."

"இனிமே கொஸ்டின் பேப்பர்ல எடுத்துக்காட்டு கேக்காதீங்க."